மினக்கெடப் பழகுதல்

கேள்வி கேட்ட தம்பி எழுதியதை முதலில் சுருக்கித் தருகிறேன். வயது 44. யாழ்ப்பாணம் நகருக்குள் சொந்தமாகக் கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறார். கிழமையில் ஏழு நாளும் வேலை, இரவு ஒன்பதரைக்கு முன் வீடு திரும்புவது அருமை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்து படித்த சிநேகிதன் பதினொரு வருடத்துக்குப் பிறகு கனடாவில் இருந்து ஊருக்கு வந்தபோது இவரைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறார். இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, படலையடியில் விடைபெறும்போது சிரித்தபடி, "நீ மணிக்கூட்டைப் பாக்கிறதை நான் பாத்துக்கொண்டுதான்ரா இருந்தனான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தம்பி கேட்பது இதுதான்: "எனக்குச் சிநேகிதம் பிடிக்காமல் இல்லை. ஆனால் சும்மா இருந்து கதைக்கத் தெரியவில்லை. கடற்கரைக்குப் போனாலும் கை போனைத் தேடுகிறது. சின்னச் சின்னச் சந்தோஷங்களை அனுபவிக்க இந்த வயதில் பழக முடியுமா?"

முடியும் தம்பி. எனக்கு இப்போது 63 வயது. நான் பழகத் தொடங்கியதே ஐம்பதுக்குப் பிறகுதான்.

இருபத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான். உளவளத்துணை படித்து அந்த வேலைக்கு வந்ததெல்லாம் பிறகு. விடிய ஐந்தரைக்கு முதல் வகுப்பு, இரவு ஏழரைக்குக் கடைசி வகுப்பு, இடையில் மூன்று ஊர். யாழ்ப்பாணத்து ரியூசன் மாஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் கிடையாது, அன்றைக்குத்தான் வகுப்புக் கூட. என் நெருங்கிய சிநேகிதனின் தகப்பன் செத்த அன்று ஒன்பதரை வகுப்பைக் கொஞ்சம் முன்னதாக முடித்துக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனேன். பதினொன்றரைக்கு அடுத்த வகுப்பு இருந்தது. அவன் வந்து என் கையைப் பிடித்தான். என் விரல்களில் இருந்த சோக்குத் தூள் அவன் கையில் ஒட்டிக்கொண்டது. அவன் அதைக் குனிந்து பார்த்தான், வேட்டியில் துடைத்தான், "சரி, நீ வெளிக்கிடு, பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குங்கள்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவன் என்னை ஒன்றுக்கும் கூப்பிடவில்லை. சண்டை பிடித்தவனோடு சமாதானம் செய்யலாம். கூப்பிடாமல் விட்டவனோடு என்ன செய்வது? அவன் கூப்பிடுவதில்லை என்பதைக் கவனிக்கவே எனக்கு ஆறு வருடம் எடுத்தது.

அதனால்தான் சொல்கிறேன், உங்களுடைய சிநேகிதன் படலையடியில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னது உங்களுக்கு நல்ல காலம். சொல்லுகிறவன் இன்னும் உங்களைக் கைவிடவில்லை.

இது வருத்தமா, குணமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கடுமையாக உழைப்பது வேறு, வேலையை விட முடியாமல் இருப்பது வேறு. தோட்டக்காரர் வெங்காயம் கிண்டும் காலத்தில் இரவு பகல் பாராமல் நிற்பார். கிண்டி முடிந்ததும் மர நிழலில் சாய்ந்து படுத்துவிடுவார். படுக்க முடியாதவருக்குத்தான் சிக்கல். மதுவுக்கு அடிமைப்பட்டவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு வேலைக்கு அடிமைப்பட்டவருக்கும் "வேர்க்கஹோலிக்" என்று ஒரு பெயர் உண்டாக்கியவர் வெய்ன் ஓட்ஸ் என்ற அமெரிக்கர். மதபோதகராகவும் உளவளத்துணையாளராகவும் இருந்தவர். 1971 இல் அவர் எழுதிய புத்தகத்தோடுதான் அந்தச் சொல் ஊரெங்கும் பரவியது. தன் சின்ன மகன் தன்னைச் சந்திக்க நேரம் குறித்துத் தரச்சொல்லிக் கேட்டதும்தான் தனக்கு உறைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஊருக்குப் புத்தி சொல்லும் தொழிலில் இருந்தவருக்கே அந்த நிலைமை.

2012 இல் நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்தில் ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கடந்த ஒரு வருடத்தை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். வேலைக்கு இன்னும் நேரம் எப்படிப் பிடுங்கலாம் என்று யோசித்தீர்களா, நினைத்ததைவிடக் கூட நேரம் வேலையில் கழிந்ததா, குற்றவுணர்வையோ பதற்றத்தையோ அடக்குவதற்காக வேலை செய்தீர்களா, குறைக்கச் சொன்னவர்களின் பேச்சைக் கேளாமல் விட்டீர்களா, வேலை செய்ய விடாவிட்டால் அந்தரப்பட்டீர்களா, பொழுதுபோக்கையும் உடற்பயிற்சியையும் பின்னுக்குத் தள்ளினீர்களா, உடம்பு கெட்டதா? நாலு கேள்விக்காவது "அடிக்கடி" அல்லது "எப்போதும்" என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் ஆறு தேறுகிறது. ஏழாவதை உங்கள் பிரஷர் மாத்திரை சொல்லும். இன்னொரு கணக்கும் சொல்லிவைக்கிறேன், கணக்காய்வாளருக்கு இலக்கம் பிடிக்கும் என்பதால். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் செய்கிறவரைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 வீதம் கூட. மாரடைப்பு வகை இருதய நோயால் சாகும் ஆபத்து 17 வீதம் கூட. நீங்கள் எழுதிய நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன், எண்பதைத் தாண்டுகிறது.

எங்கள் ஊரில் ஒருவன் குடித்தால் திருத்த நாலு பேர் வருவார்கள். வேலை வேலை என்று அலைந்தால் "பிரயாசையான பொடியன்" என்று பெண் கொடுக்க வருவார்கள். உங்கள் வயதுக் கணக்குப்படி 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் நகரும் சேர்ந்த வலிகாமமே போருக்கு அஞ்சி வெளிக்கிட்டு நடந்தபோது உங்களுக்குப் பதினாலு, பதினைந்து வயது இருந்திருக்கும். நாளைக்கு என்ன இருக்கும் என்று தெரியாத பிள்ளைக்குப் புத்தகமும் மதிப்பெண்ணும் மட்டும்தான் தன் கைக்குள் இருந்த விஷயம். அந்தப் பிள்ளை பிறகு பெரியவனாகி அலுவலகம் வைத்தாலும், கையில் வேலை இல்லாத நேரம் ஏதோ ஆபத்தான நேரம் என்றுதான் உடம்பு நினைக்கும். இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் போரின் தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. "படி, உத்தியோகம் எடு, காசைக் கரியாக்காதே" என்பது மலாயாவுக்குப் போய் உழைத்த பாட்டன்மார் காலத்திலேயே இங்கே இருந்ததுதான்.

இன்னொரு வேடிக்கை. யாழ்ப்பாணத்து அலுவலகங்கள் பலவற்றில் எங்கள் ஊர்ச் சித்தர் யோகர் சுவாமிகளின் படம் இருக்கும், கீழே "எப்பவோ முடிந்த காரியம்" என்று எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே மேசையில் முடியாத காரியங்கள் முழங்கை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். உங்கள் அலுவலகத்திலும் அந்தப் படம் இருக்கும் என்று பந்தயம் பிடிப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பழகியது ஒரு சொல்லில் இருந்துதான். மினக்கெடுதல். நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல். "சும்மா மினக்கெடாதே" என்று பிள்ளையை அதட்டுகிறோம். "எனக்காக மினக்கெட்டு வந்தவர்" என்று ஒருவரை நன்றியோடு நினைக்கிறோம். ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் போகிறது? வினை கெடுதல் என்பதுதான் மருவி மினக்கெடுதல் ஆனது. கையில் இருக்கிற வினை கெடுகிறது. அது கெட்டுப்போக விட்டுவிட்டு ஒருவர் உங்களிடம் வருகிறார் என்றால், அந்தக் கேடுதான் அவர் உங்களுக்குத் தருகிற பொருள். வேலை கெடாமல் வந்தால் அதற்குப் பெயர் வேறு. நான் செத்த வீட்டுக்குப் போனேன், ஆனால் மினக்கெடவில்லை. ஒரு வகுப்பும் கெடவில்லை. அவன் துடைத்த சோக்குத் தூள் அதைத்தான் சொன்னது.

நீங்கள் "நேரத்தைச் சரியாக ஒதுக்கினால் எல்லாவற்றையும் செய்யலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பிழைக்கிறது. வேலையில் ஒரு துண்டும் குறையாமல் சிநேகிதத்தையும் இடையில் செருகலாம் என்று பார்க்கிறீர்கள். அப்படிச் செருகியதுதான் அந்த இரண்டு மணித்தியாலமும். ஏதோ ஒன்று கெட வேண்டும் தம்பி. ஒரு கோப்பு ஒரு நாள் பிந்த வேண்டும், ஒரு வாடிக்கையாளர் முகம் சுழிக்க வேண்டும்.

"உண்மையான நட்புக்கு அடிக்கடி சந்திக்கத் தேவையில்லை, பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே நட்பாக இருக்கவில்லையா" என்று படித்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வேலைக்காரருக்கு வசதியான சாட்டு. பார்க்காமல் இருந்தது உண்மை. ஆனால் சோழன் சாப்பாட்டை விட்டு வடக்கிருந்து உயிர்விடப் போகிறான் என்றதும் பாண்டிய நாட்டில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டு வந்தாரே, அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது, இத்தனை வயதாகியும் தலை நரைக்கவில்லையே என்று. அவர் மூலிகையைச் சொல்லவில்லை. மனைவி, பிள்ளைகள், ஏவலர், அரசன், தன் ஊரில் வாழ்கிற சான்றோர் என்று சுற்றியிருக்கிற ஆட்களைத்தான் வரிசையாகச் சொன்னார். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1938 இல் 724 ஆண்களுக்குப் பின்னால் போகத் தொடங்கி, அவர்களின் பிள்ளைகள் வரைக்கும் தொடர்கிற ஆய்வும் ஏறத்தாழ அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது: வயது போன காலத்தில் உடம்பையும் மனதையும் காப்பதில் பணத்தையும் பெயரையும்விட நெருங்கிய உறவுகளுக்குப் பங்கு பெரிது.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹோல் 2018 இல் இதை மணித்தியாலத்தில் அளக்கப் பார்த்தார். முகம் தெரிந்தவர் சாதாரணச் சிநேகிதர் ஆக ஏறத்தாழ 50 மணித்தியாலம், சிநேகிதர் என்று சொல்ல 90, நெருங்கிய சிநேகிதர் ஆக 200க்கு மேல். வேலைத்தலத்தில் சேர்ந்து கழிக்கும் நேரம் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை என்றும் கண்டார். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்களுக்குப் புதுச் சிநேகிதர் வேண்டியதில்லை, பழைய கிணறு இருக்கிறது. புதிதாகத் தோண்ட வேண்டாம், இறைத்துத் தூர் எடுத்தால் ஊறும். முதலில் வருவது கலங்கல் தண்ணீர். சங்கடமான மௌனம், "அப்புறம் வேற என்ன" என்ற நாலைந்து கேள்வி, பிள்ளைகளின் வகுப்பு விபரம். அதைக் கண்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடக்கூடாது. மூன்றாம் நாலாம் தடவையில்தான் தெளியும்.

இனி எப்படி என்பது. முதலில் செய்யக்கூடாத ஒன்று: இதை ஒரு புரொஜெக்ட் ஆக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் சிநேகிதர் பெயர், கடைசியாகச் சந்தித்த தேதி, அடுத்த தேதி என்று எக்செல் தாள் போட்டுக்கொண்டு வந்து காட்டினார். நிறமெல்லாம் கொடுத்திருந்தார். பிந்தியவர்கள் சிவப்பு. ஒரு மாதத்தில் எல்லாரும் சிவப்பாகி, அவருக்கு இன்னொரு குற்றவுணர்வுதான் மிச்சம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. இரண்டு கையும் வேலையாக இருக்கிற சந்தோஷங்களைத் தேடுங்கள். உங்களைப் போன்ற, என்னைப் போன்ற ஆளைக் கடற்கரையில் கொண்டுபோய் இருத்தி "அலையைப் பார்" என்றால் நடக்காது. கை சும்மா இருக்கும், போன் வெளியே வரும். கையை நிரப்பிவிட்டால் மனம் தானாக இளகும். எங்கள் ஊரின் பழைய சந்தோஷங்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன என்பதைப் பிறகுதான் கவனித்தேன். நுங்கை ஒரு கையில் பிடித்து மற்றக் கையின் பெருவிரலால் தோண்டி உறிஞ்சும்போது குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. கீரிமலைக் கேணியில் முங்கும்போது போன் கரையில்தான். கடல் பக்கத்தில் கிடக்க, கேணிக்குள் ஊறுவது நல்ல தண்ணீர். நாலு பேர் இறங்கி நின்றால் பன்னிரண்டு வயதில் என்ன கதைத்தீர்களோ அதே மடைத்தனங்களைத்தான் கதைப்பீர்கள்.

கூழைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் திரும்பவும் ஆளானது கூழில்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு நானாகப் போய் அந்தச் சிநேகிதனின் வீட்டுப் படலையைத் திறந்தபோது, அவன் "வா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. அன்று ஒரு சனிக்கிழமை. உள்ளே மூன்று பேர் கூழுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் நண்டு உடைக்கிறான், ஒருவன் பயிற்றங்காய் முறிக்கிறான். என்னிடம் ஒரு கத்தியும் மரவள்ளிக் கிழங்கும் வந்தது. வேலை கிடைத்ததும் எனக்கு நிம்மதி, உங்களுக்கு விளங்கும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை முன்னரே தண்ணீரில் ஊறவிட்டிருந்தார்கள். கசப்புப் போக அந்தத் தண்ணீரை வடிக்க வேண்டும், அவசரப்பட்டால் மாவும் சேர்ந்து போய்விடும். நான் அவசரப்பட்டேன். "மாஸ்டர், அது அடையும் மட்டும் இரும்" என்று ஒருவன் சொன்னான். அது அடையும் மட்டும் சட்டியையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். பெரிய பானையில் மீன் தலை, நண்டு, இறால், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி எல்லாம் அவிந்து, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் புளியும் விழுந்து, கடைசியில் மாவைக் கரைத்து விட்டதும் கொதி அடங்கித் தடித்தது. மாமரத்தடியில் வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தோம். பிளாவை இரண்டு கையாலும் ஏந்தாவிட்டால் மடியில் ஊற்றும். மூக்கால் தண்ணீர் ஓடுகிறது, உறைப்பு. ஒருவரும் முக்கியமான ஒன்றும் கதைக்கவில்லை. என் சட்டைப்பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது, எடுக்கக் கை இல்லை. மூன்றாம் தடவை அதிர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. வெளிக்கிடும்போது நேரம் நாலரை. இரண்டு மணி வகுப்புக்கு நான் போகவில்லை. உலகம் அழியவில்லை, பிள்ளைகள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

"எனக்கு இதற்கெல்லாம் மனம் வரவில்லையே" என்பீர்கள். வராது. மனம் வந்த பிறகு போவது என்று வைத்துக்கொண்டால் ஒருநாளும் போக மாட்டீர்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடிய பீட்டர் லெவின்சோன் என்ற உளவியலாளர் 1970களில் இந்த வரிசையைத்தான் தலைகீழாகப் பிடித்தார். முதலில் செய், விருப்பம் பின்னால் வரும். அவரும் கூட்டாளிகளும் சந்தோஷம் தரக்கூடிய 320 விஷயங்களைப் பட்டியல் போட்டார்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் சிரிக்கிறது, வெயிலில் இருக்கிறது, ஒருவரோடு கதைக்கிறது மாதிரியான மிகச் சாதாரண விஷயங்கள். ஆக முதல் மூன்று நாலு தடவை உங்களுக்கு ஒரு சந்தோஷமும் வராவிட்டால் அதைத் தோல்வியாக எடுக்காதீர்கள். புகையை விட்டவனுக்கு முதல் இரண்டு கிழமை அந்தரமாக இருக்குமல்லவா, உங்களுக்கும் நெஞ்சு படபடக்கும், ஏதோ மறந்துவிட்டோம் என்று தோன்றும், சும்மா இருக்கிறவர்கள் மேல் எரிச்சல் வரும். மனைவியிடம் காரணமில்லாமல் பாய்வீர்கள். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள், "இரண்டு மூன்று கிழமைக்கு நான் இப்படித்தான் இருப்பன், பொறுத்துக்கொள்ளும்" என்று. இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் திரும்ப அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள்.

தொடங்குவது மிகச் சின்னதாக இருக்கட்டும். பின்னேரம் அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தியில் தேத்தண்ணிக் கடை இருக்கும். பிளேன்ரீயை அலுவலகத்துக்கு எடுப்பித்துக் குடிக்கிற ஆள்தானே நீங்கள்? இறங்கிப் போய் வாங்கில் இருந்து குடியுங்கள். ஒரு வடை, ஒரு பிளேன்ரீ, பதினைந்து நிமிடம். போன் மேசை லாச்சிக்குள். முதல் நாள் அந்தப் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பத்தாம் நாள் கடைக்காரர் உங்களைக் கண்டதும் கேளாமலே சீனியைக் குறைத்துப் போடுவார். அதுவும் ஒரு சிநேகிதத்தின் தொடக்கம்தான், அம்பது மணித்தியாலத்தில் முதல் இரண்டு.

கனடாக்காரரோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க ஒரு வசதி சொல்கிறேன். டொக்டர் நடக்கச் சொன்னார் என்றீர்கள். விடிய ஆறரைக்குப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடக்கும்போது ரொறன்ரோவில் முதல் நாள் இரவு எட்டு மணி, கோடைகாலம் என்றால் ஒன்பது. அந்த மனுஷனும் அந்த நேரம் வேலையால் வந்து சாப்பிட்டு முடித்திருப்பார். காதில் மாட்டிக்கொண்டு நடந்தபடி கதையுங்கள். வீடியோ வேண்டாம், முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு நேரம் பார்க்கத் தோன்றும். கதைக்கும்போது ஒரு கட்டுப்பாடு: அவர் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் உடனே தீர்வு சொல்லாதீர்கள். வேலைக்காரருடைய பெரிய நோய் அது. வீட்டுக்கடன் பாரமாக இருக்கிறது என்பார், நீங்கள் வட்டி வீதம் கேட்பீர்கள். அவர் கேட்டது கணக்காய்வு அல்ல. "கஷ்டம்தான் என்ன" என்று விட்டுவிட்டு ஒரு பத்து அடி பேசாமல் நடவுங்கள். மிச்சத்தை அவரே சொல்லுவார்.

ஊரில் இருப்பவர்களோடு 304 என்ற சீட்டு விளையாட்டு அடிக்கப் பழகுங்கள், அல்லது மறந்ததை ஞாபகப்படுத்துங்கள். கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் எங்கள் சமுதாயம் பைத்தியம் பிடிக்காமல் தப்பியதற்கு இந்த விளையாட்டுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது என் தனிப்பட்ட கருத்து. உங்களுக்குக் கணக்கும் பிடிக்கும்: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. ஆனால் கணக்கில் மட்டும் வெல்ல முடியாது. எதிரில் இருக்கிற கூட்டாளி எதற்காக அந்தத் தாளைப் போட்டான், ஏன் துரும்பை வைத்துக்கொண்டே வெட்டாமல் விட்டான் என்று அவன் முகத்தைப் படிக்க வேண்டும். ஒரு பின்னேரம் முழுக்க ஒரு சிநேகிதனின் முகத்தை இப்படி உற்றுப் பார்க்க ஆண்களுக்கு எங்கள் ஊரில் வேறு எந்தச் சாட்டும் கிடையாது. அதோடு தாள் பிடிக்க ஒரு கை, போட மற்றக் கை.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் ஆண்கள் கூடினால் போத்தலும் கூடவே வந்துவிடுகிறது. வேலையை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். வேலையால் மூடிவைத்த பதற்றத்தைச் சாராயத்தால் மூடுகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் பிரஷருக்கு அது இரட்டைக் கேடு. கூட்டம் அப்படிப் போனால் கூழ் முடிந்ததும் வெளிக்கிடுங்கள்.

வேலைப் பக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், அது உங்களுக்குத் தெரிந்த துறை. நவம்பர் 30 வருமான வரி அறிக்கைக்குக் கடைசி நாள் என்பதால் அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் எந்தப் புதுப் பழக்கத்தையும் தொடங்காதீர்கள், நிச்சயம் முறியும். தை பிறந்ததும் தொடங்குங்கள். இரண்டு உதவியாளர்கள் இருந்தும் எல்லாக் கோப்பையும் நீங்களே திரும்பப் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கிழமைக்கு ஒரு கோப்பாவது பார்க்காமல் விடப் பழகுங்கள். பிழை வரும். வந்த பிழையைத் திருத்துவதும் அவர்களே.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று மாதமாகியும் எதிலுமே ஒரு ருசியும் இல்லை, நித்திரை வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அது வேலைப் பழக்கம் மட்டுமல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது கூழும் 304உம் போதாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தாலும் கதைக்க ஆள் இருக்கிறார்கள். அந்த வாசலில் யாரும் கண்டுவிடுவார்களோ என்ற கூச்சம் வேண்டாம். அங்கே வரிசையில் உங்களைப் போலப் படித்த, உத்தியோகம் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

மனைவி பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், நானும் ஒன்றுதான் சொல்கிறேன். தைப்பொங்கல் அன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா. மகனுக்குப் பதினொரு வயது என்றீர்கள். அவனுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று போன் பார்க்கிற தகப்பனாக நிற்காதீர்கள். நூலை நீங்கள் பிடியுங்கள், இரண்டு கையாலும்.

இன்றைக்கு இரவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தச் சிநேகிதனுக்கு வட்ஸ்அப்பில் நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்குவீர்கள், எனக்குத் தெரியும், மூன்று தடவை திருத்துவீர்கள். வேண்டாம். "நீ சொன்னது சரிதான்ரா. நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்க?" என்று மட்டும் அனுப்புங்கள். எனக்கு ஆறு வருடம் போன இடத்தில் உங்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

என் சிநேகிதன் இப்போதும் ஞாயிறு பின்னேரங்களில் எனக்கு எதிரில்தான் இருந்து தாள் போடுகிறான். சீனி வருத்தம் வந்து கண் கொஞ்சம் மங்கல், ஒன்பதை எட்டு என்று வாசிக்கிறான், அதைச் சாட்டாக வைத்துக் களவும் செய்கிறான். எங்கள் நாலு பேரில் ஒருவர் போன மாதம் மகளிடம் கொழும்புக்குப் போய்விட்டார், ஆள் ஒன்று குறைகிறது. வருவதென்றால் வாருங்கள் தம்பி. கேள்வி கேட்கத் தெரிந்தால் காணும், மிச்சத்தை நாங்கள் பழக்குவோம்.